முன்பாரமும் பின்பாரமும்

அமெரிக்காவில் வசிக்கும் நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விடுமுறை நாட்களில் மனைவி, இரண்டு குழந்தைகள் சகிதம் காட்டிலும் மலையிலும் தங்கி வர வேண்டுமென்று அவருக்கு ஆசை. அதற்காக, மோட்டாருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டு வண்டி ஒன்று வாங்கப் போகிறாராம். ‘டிரெய்லர்’ என்று அதற்குப் பெயர். “லேசாகவும் இருக்க வேண்டும், சௌகரியமாகவும் இருக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்கிறார்.

மோட்டார் நிபுணரிடம் போக வேண்டிய கேள்விதான். ஆனால் நம் ஊர் மாட்டு வண்டிக்காரரும் இதற்குப் பதில் சொல்லக் கூடியவரே. கூண்டு வண்டியில் குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அவர் குரல் ஞாபகம் இருக்கும். “அம்மா, கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க! பின்பாரமா இருக்கு!” என்பார். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தே நைந்து போகும். இரண்டும் அளவாக இருந்தால்தான் வண்டி ஓடும்.

டிரெய்லரின் சாஸ்திரமும் இதுவேதான். சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை முன்னால் கொக்கியின்மேல் அமுங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவான விதி. அதற்குக் குறைந்து பின்பாரமாகிவிட்டால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் நாய் வாலைப் போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் மோட்டாரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆடும் சமயத்தில் பதறிப்போய் மோட்டாரின் பிரேக்கை அழுத்தவும் கூடாது. சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பவும் கூடாது. வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லருக்கென்று தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் போடலாம்.

இனி, ‘லேசான வண்டி’ என்ற விளம்பரத்தைக் கவனிப்போம். விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் காலி வண்டியின் எடை. காலி வண்டியில் யாரும் முகாமுக்குப் போவதில்லை. உதாரணமாக, காலியாக 1,500 ராத்தல் எடையுள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். (பவுண்டைத்தான் ராத்தல் என்கிறோம்.) அமெரிக்க காலன் தண்ணீர் ஒன்றுக்கு எட்டு ராத்தலுக்கு மேல் எடை, பன்னிரண்டு காலன் நிரப்பினால் நூறு ராத்தல். நிரம்பிய காஸ் சிலிண்டர் ஒன்று முப்பத்தைந்துக்குக் குறையாது. பாட்டரி ஐம்பது. அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்பு, படுக்கை, துணிமணி, மடக்கு நாற்காலி எல்லாம் சேர்ந்து முந்நூறு. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 2,000 ராத்தல்!

அதோடு கணக்கு முடியவில்லை. இந்த இரண்டாயிரத்தில் இருநூறு முதல் முந்நூறு ராத்தல் வரை கொக்கியின் வழியாக மோட்டாரின் முதுகில் ஏறுகிறது. அமெரிக்க மோட்டார்களில் ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்குமேல் ஏற்றலாகாது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்த அளவு 900 ராத்தல் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 450. மோட்டாரில் வைக்கும் சாமானுக்கு 150. கொக்கியின் பாரம் 250. எஞ்சியிருப்பது ஐம்பதே ராத்தல்! “என் மோட்டார் 3,500 ராத்தல் இழுக்கும்” என்று மார் தட்டுகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இழுக்கும் சக்தி வேறு, தாங்கும் சக்தி வேறு. இரண்டில் எது முதலில் தீர்ந்து போகிறதோ அதுவே நம் எல்லை.

மலைச் சரிவில் இறங்கும்போது இழுப்பதைவிட நிறுத்துவதே பெரும்பாடு. பல மாகாணங்களில் 3,000 ராத்தலுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. சிறு வண்டிக்குச் சட்டம் கேட்காவிட்டாலும், குழந்தைகளை ஏற்றிச் செல்கிறவர் பிரேக் உள்ளதாகவே வாங்குவது உத்தமம்.

அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது மழைத் தண்ணீர். மரச் சட்டம் அடித்துத் தகடு பொருத்திய வண்டிகளில் இணைப்புகளின் வழியாக ஈரம் இறங்கி, உள்ளே மரம் உளுத்துப் போகும். பழைய வண்டியானால் மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்க்க வேண்டும். தரையை மிதித்துப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். கனடாவில் வின்னிபெக் நகரத்தில் ரே ஒலெக்கோ என்பவர் 1968-ல் ‘போலர்’ என்ற பதின்மூன்றடி வண்டியை வெளியிட்டார். கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து, மேல் பாதி கீழ்ப் பாதி என்று இரண்டே வார்ப்பாக வார்த்து, முட்டை ஓட்டைப் போல் பொருத்தினார். இணைப்புகள் குறைவு, ஆகவே ஒழுக்கும் குறைவு. இந்த ஜாதி வண்டிகளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. ஆனாலும் ஜன்னல் ஓரங்களைப் பார்க்காமல் இவற்றையும் வாங்கலாகாது.

சௌகரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையிலேயே குடும்பம் முழுவதும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே அடைமழை பெய்வதாகப் பாவித்து அரை மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். சிறு வண்டிகளில் சாப்பாட்டு மேஜைதான் இரவில் கட்டிலாக மாறும். எட்டு மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டால், பெரியவர்கள் எங்கே உட்காருவது? ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் போய் வந்தால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்துவிடும். உள்ளே அடுப்பு மூட்டினால் ஜன்னலைத் திறந்து வைப்பதும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு விஷவாயுவைக் கண்டு கூவும் மணியைப் பொருத்துவதும் அவசியம்.

சிறு வண்டியானால் எங்கும் போகலாம் என்பதும் பிரமை. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைப்பாதையில், மோட்டாரும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடிக்குமேல் நீளமிருந்தால் உயரப் பகுதிக்கு விடமாட்டார்கள். டிரெய்லரை முகாமிலேயே கழற்றி வைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் போய் வர வேண்டியதுதான்.

ஜெர்மனியில் இஸ்னி என்னும் ஊரில் சவுக்கும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்ற அரிஸ்ட் டெத்லெஃப்ஸ், வியாபார நிமித்தம் அடிக்கடி ஊர் ஊராகச் சுற்ற நேர்ந்தது. சித்திரக்காரியான ஃப்ரீடலைப் பிரிந்து போக மனமில்லாமல், இருவரும் சேர்ந்து பிரயாணம் செய்வதற்காக 1931-ல் தம் கையாலேயே ஒரு வீட்டு வண்டியைக் கட்டினார். பிரியாமல் இருப்பதற்காகப் பிறந்த வண்டி அது. நம் நேயரும் இதை மறவாமல் இருந்தால் போதும். எதையெல்லாம் ஏற்றலாம் என்று யோசிப்பதைவிட எதை வீட்டில் விட்டுச் செல்லலாம் என்று யோசிப்பதே நல்லது. சாமான் ஏற்றியபின் ஒரு முறை எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும்.

கடைசியாக ஒன்று. இத்தகைய வண்டிகளைப் பல வருஷத் தவணையில் கடனுக்குக் கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். கடனும் ஒரு பாரந்தான். ஆனால் எந்த எடை மேடையும் அதைக் காட்டாது. பாரம் அளவோடு இருந்தால் கழுத்து நோகாது. மாட்டுக்கும் அப்படித்தான், குடும்பஸ்தருக்கும் அப்படித்தான்!