மணி அடித்தால் மட்டும் போதுமா?

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதன்முதலில் கற்றுக்கொள்வது எது? அகரமுதலி என்பார் சிலர். ஒன்று, இரண்டு என்பார் வேறு சிலர். ஒன்றாம் வகுப்பு உபாத்தியாயரைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

மணி அடித்தால் வரிசையில் நிற்பது, பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்பது, பலகையைப் பார்ப்பது, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்காமல் இருப்பது, தாகம் எடுத்தால் கேட்டுக்கொண்டு போவது, சாப்பிடுமுன் கை கழுவுவது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பது. இவைதான் முதல் பாடங்கள். எழுத்தும் எண்ணும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் எழும்புகின்றன.

இந்தப் பாடங்களுக்குப் புத்தகம் கிடையாது. பரீட்சை கிடையாது. மார்க்கும் கிடையாது. ஆகவே இப்படி ஒரு பாடம் நடக்கிறது என்பதே பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை. கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டி, மறுபடியும் திறந்த போதுதான் இதன் அருமை தெரிந்தது.

பூட்டிய கதவு

2020 மார்ச் மாத நடுவில் தமிழ்நாட்டின் ஆரம்பப் பள்ளிகள் மூடப்பட்டன. மாதக் கடைசி வரையில்தான் என்று முதலில் சொல்லப்பட்டது. நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வெயில் காலம் போயிற்று. மழைக் காலம் போயிற்று. அடுத்த ஆண்டும் பிறந்தது. 2021 நவம்பர் 1-ஆம் தேதி, திங்கட்கிழமையன்றுதான் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கதவு திறந்தது. இடையில் ஓடியவை 19 மாதங்களுக்கு மேல்!

அத்தனை காலமும் பாடம் அடியோடு நின்று போயிற்று என்று சொல்வது நியாயமாகாது. 2019-ல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. செல்போன் வழியாகவும் பாடங்கள் வந்தன. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருப்பது ஒரே செல்போன். காலையில் தகப்பனார் புறப்பட்டால் அவர் சட்டைப் பையில் அதுவும் புறப்பட்டுவிடும். ஆறு வயதுப் பிள்ளை யாரைப் பார்த்து "அ" எழுதும்?

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் சத்துணவுக்கு ஈடாக அரிசி, பருப்பு, பிறகு முட்டை ஆகியவற்றைச் சர்க்கார் வீட்டுக்கே கொடுத்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. எனினும் அந்த அரிசி வீட்டில் உள்ள அத்தனை பேருக்குமாக உலையில் ஏறியது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தட்டு முன்னால் உட்கார்ந்தால், அந்தச் சோறு அந்தப் பிள்ளைக்கே சொந்தம். இந்த வித்தியாசம் வயிற்றுக்குத் தெரியும்.

கடைசியில் அழைக்கப்பட்டவர்கள்

பள்ளிகள் திறந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 19-ஆம் தேதி 10, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி 9, 11-ஆம் வகுப்புகள் திறந்தன. இரண்டாவது அலை வந்து எல்லாவற்றையும் மறுபடி மூடியது. செப்டம்பர் 1-ஆம் தேதி 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் தொடங்கின. சின்னஞ்சிறு பிள்ளைகளின் முறை கடைசியில்தான் வந்தது. பெரிய பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு இருக்கிறது. முகக்கவசம் போடு, தள்ளி உட்கார் என்றால் கேட்டுக்கொள்ளும் வயது. சிறு பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் வரவில்லை. ஆகவே அந்த வரிசை.

வேறு விதமாக யோசித்த நாடும் உண்டு. ஐரோப்பாவில் உள்ள டென்மார்க், 2020 ஏப்ரல் 15-ஆம் தேதியிலிருந்து முதலில் சின்னப் பிள்ளைகளையே பள்ளிக்கு அழைத்தது. குழந்தைகள் காப்பகமும் 5-ஆம் வகுப்பு வரையுள்ள வகுப்புகளும் திறந்தன. பெரிய பிள்ளைகள் வீட்டில் காத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். அடிக்கடி கை கழுவச் செய்தார்கள். மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். முடிந்த மட்டும் வெட்டவெளியில் பாடம் நடத்தினார்கள். சிறு பிள்ளைகளை இந்த நோய் கடுமையாகத் தாக்குவது அபூர்வம், அவர்கள் வீட்டில் இருந்தால் பெற்றோர் வேலைக்குப் போக முடியாது என்ற இரண்டையும் அங்கே எண்ணிப் பார்த்தார்கள்.

டென்மார்க் சிறிய நாடு. பணவசதி உள்ள நாடு. அங்கே செய்தது எல்லாம் இங்கே அப்படியே செய்யக் கூடியதல்ல. ஆனால் அது எழுப்பிய கேள்வி இங்கேயும் பொருந்தும். பதினாறு வயதுப் பிள்ளை புத்தகத்தைத் தானே புரட்டிப் படித்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களே கடைசியில் அழைக்கப்பட்டார்கள். இதை மறுப்பதற்கில்லை.

அறுந்த சங்கிலி

2021 நவம்பரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கூடிய பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள்? சற்றே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, மூடுவதற்கு முன்னால் மூன்று வகுப்புகளைப் பள்ளியில் உட்கார்ந்து படித்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டு வகுப்புகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு மட்டும் நினைவில் இருந்தது. அதிலும் வால் பகுதி அறுந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை? பதிவேட்டில்தான் இரண்டாம் வகுப்பு. வகுப்பறையின் பெஞ்சையோ பாயையோ அதற்கு முன் அது பார்த்ததே இல்லை. ஒன்றாம் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து வகுப்புகளில் இரண்டு வகுப்புகள் அடியோடு புதியவை. ஈராசிரியர் பள்ளி என்றால் இந்த ஐந்து வகுப்புகளையும் சமாளிக்க இரண்டே பேர். வழக்கமான ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் மட்டும்தான் அழுகை கேட்கும். புதிதாக வந்த பிள்ளை, மற்ற நான்கு வகுப்புப் பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்தே பள்ளிக்கூட நடைமுறையைப் பிடித்துக்கொள்ளும். அக்கா வரிசையில் நின்றால் தம்பியும் நிற்பான். அண்ணன் தட்டைக் கழுவினால் தங்கையும் கழுவுவாள். உபாத்தியாயர் சொல்லிக் கொடுப்பதைவிட, பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அதிகம். அந்தச் சங்கிலிதான் 19 மாதத்தில் நைந்து போயிருந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில கண்ணிகள் மிச்சமிருந்தன. இன்னும் இரண்டு ஆண்டு போயிருந்தால் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்று சரியாக அறிந்த பிள்ளை ஒன்றுகூட அந்தக் கட்டடத்தில் இருந்திராது!

கதையும் பாட்டும்

இந்த நிலைமையில் இரண்டு வழிகள் இருந்தன. போன பாடத்தையெல்லாம் உடனே பிடித்துவிட வேண்டும் என்று முதல் நாளே புத்தகத்தைத் திறப்பது ஒரு வழி. பிள்ளைகளை முதலில் பள்ளிக்கூடத்தில் நிலைக்க வைப்பது மற்றொரு வழி. தமிழ்நாட்டின் கல்வித் துறை இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. தொடக்க நாட்களில் கதை, பாட்டு, படம் வரைதல், விளையாட்டு ஆகியவற்றிலேயே பிள்ளைகளை ஈடுபடுத்தச் சொன்னது. வருகை கட்டாயமில்லை என்றும், கூட்டத்தைக் குறைக்க முறை வைத்துப் பிள்ளைகளை அழைக்கலாம் என்றும் சொன்னது. வாசலில் உடல் சூட்டைப் பார்த்தார்கள். குழாயடியில் சோப்பு வைத்தார்கள்.

"இத்தனை மாதம் விளையாடியது போதாதா? இன்னுமா கதையும் பாட்டும்?" என்று கேட்ட பெற்றோர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் கூட்டத்தைக் கண்டாலே மிரளுகிற பிள்ளைக்கு, அம்மா முந்தானையை விட மறுக்கிற பிள்ளைக்கு, எந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாலும் தலையில் ஏறாது. பயம் தெளிந்த பிறகுதான் பாடம்.

நிலைமை சுலபமாகச் சீர்படவில்லை. திறந்த நான்காம் நாள் தீபாவளி. தீபாவளி முடிந்த கையோடு சென்னையிலும் பல மாவட்டங்களிலும் பெருமழை, மழை விடுமுறை. டிசம்பர் மாதத்தில் சற்றே கால் ஊன்றிய வேளையில் ஒமிக்ரான் வந்தது. 2022 ஜனவரி மாதத்தில் சிறு வகுப்புகளுக்கு மறுபடியும் பூட்டு. பிப்ரவரி 1-ஆம் தேதி மறுபடியும் திறப்பு. இந்த முறை பிள்ளைகளுக்கு வாசல் புதிதல்ல. தன் இடம் எது, தன் தட்டு எது என்று தெரிந்திருந்தது. அந்த ஆண்டின் வகுப்புகள் மே மாதம் வரை நீண்டன. 2022 ஜூன் 13-ஆம் தேதி அடுத்த கல்வி ஆண்டு பிறந்தது. 2019-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் பள்ளி மணி அடித்தது அப்போதுதான். பழைய ஒழுங்கு திரும்பி நிலைத்தது அன்றுதான் என்று சொல்ல வேண்டும்.

இழந்ததும் மீண்டதும்

பழக்கத்துக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுத்ததால் படிப்பு கெட்டுப் போயிற்றா? இதற்கு ஓர் ஆராய்ச்சி பதில் சொல்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ ஆகிய பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019-ல் அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்த அளவோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் தமிழில் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இன்னும் அதிகமாகப் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது!

இந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தினால் வந்தது என்று அதே ஆராய்ச்சி கூறுகிறது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட திட்டம் அது. அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகும் பள்ளிக்கூடத்தின் ஒழுங்கு தெருவிலேயே தொடர்ந்தது.

2022 ஜூன் 13-ஆம் தேதி தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டமும் இதே வழியில் அமைந்தது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எந்த அளவுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது அதன் முறை. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25-ஆம் தேதி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பள்ளி மணி வேண்டாத ஓசையாக இருக்காது.

இன்னொரு முறை வந்தால்

கொரோனா அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. முகக்கவசங்கள் பெட்டிக்குள் போயின. அத்துடன் இந்தப் படிப்பினையும் பெட்டிக்குள் போய்விடக் கூடாது. நோய் வராவிட்டாலும் வெள்ளம் வரும், புயல் வரும், கடும் வெயில் வரும். பள்ளியை மூடும் கட்டாயம் இனியும் ஏற்படத்தான் செய்யும்.

மூட வேண்டிய இடத்தில் மூடத்தான் வேண்டும். உயிரைவிடப் பாடம் பெரிதல்ல. ஆனால் சில காரியங்களை முன்கூட்டியே தீர்மானித்து வைக்கலாம். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், தேவையான நாள் மட்டும் மூடுவது. திறக்கும்போது ஆரம்பப் பள்ளியை முதல் வரிசையில் வைப்பது. கதவு மூடியிருக்கும் நாளிலும், முடிந்த இடத்தில் எல்லாம் பிள்ளைக்குச் சமைத்த சோறு கிடைக்கச் செய்வது. திறந்த பிறகு சில நாட்களைப் பழக்கத்துக்கென்று ஒதுக்கி வைப்பது. அதை வீண் நாட்கள் என்று யாரும் கணக்கெழுதாமல் இருப்பது. குழாயில் தண்ணீர் வருகிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் இழுக்கும் பள்ளிகளுக்கு இன்னும் ஓர் ஆளைக் கொடுப்பது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலுக்கு அடுத்தபடி பழக்கம் கற்றுக்கொடுக்கும் இடம் ஆரம்பப் பள்ளிக்கூடம். 2021-லும் 2022-லும் அதை மறுபடியும் கட்டி எழுப்பியவர்கள் உபாத்தியாயர்கள், சத்துணவு ஆயாக்கள், தெருவில் பாடம் சொன்ன பெண்கள், வழிகாட்டிய நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். மணியை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். மணி அடித்தால் பிள்ளைகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும்படி செய்தது அவர்களுடைய பொறுமை. அந்த உழைப்பு இன்னொரு முறை வீணாகாமல் காப்பது பெரியவர்கள் கடமை.