ஐயாயிரம் ஆண்டாக ஒழுகாத கூரை

அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகிரேஞ்ச் கல்லறை என்றாலே எல்லோரும் வெளிச்சத்தைத்தான் பேசுகிறார்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில், வாசலுக்கு மேலுள்ள சிறு சாளரம் வழியே காலைக் கதிர் நுழைகிறது. 19 மீட்டர் நீளக் கல்நடையைக் கடந்து உள்ளறைத் தரையில் விழுந்து, சுமார் 17 நிமிடம் தங்குகிறது. அதைக் காண ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கே இடம்.

அழகான காட்சிதான். ஆனால் கட்டியவர்களின் கைத்திறன் முழுதாகத் தெரிய வேண்டுமானால் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

கி.மு. 3200 வாக்கில் எழுந்த கட்டடம் இது. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. கட்டியவர்கள் உழவர்கள், கையில் உலோகக் கருவி கிடையாது. உள்ளறையின் மேல் பலகைக் கற்களை வரிசைக்கு வரிசை சற்றே உள்தள்ளி அடுக்கிக்கொண்டே போய், சுமார் 6 மீட்டர் உயரத்தில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கல்லறையை மூடியிருக்கும் மேட்டுக்குள் இறங்கும் மழைநீர் அறையை எட்டாமல் புறத்தே வழிந்துவிடுகிறது. மழைக்குப் பேர்போன அந்த நாட்டில், அன்று வைத்தபடியே இருக்கும் அந்த அறை இன்றும் காய்ந்தே கிடக்கிறது.

1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு நடத்தியவர் பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி. நடையின் கூரைக் கற்களைப் பெயர்த்துப் பார்த்தபோது, அவற்றின் மேல்முகத்தில் நீர் ஓடச் சிறு வாய்க்கால்கள் கொத்தியிருந்தது தெரிந்தது. கல்லால் கல்லைக் கொத்திய வேலை அது. மேடு மூடிவிட்டால் எந்தக் கண்ணும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். இடுக்குகளைச் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைத்திருக்கிறார்கள். கல்லறையின் வயதைச் சொன்னதும் அந்தச் சுட்ட மண்தான்.

இத்தனையையும் 'புரியாத மர்மம்' என்றும் வேற்றுக்கிரகத்தார் வேலை என்றும் எழுதுவது அந்த உழவர்களை அவமதிப்பது. நடையின் தரை வாசலிலிருந்து உள்ளே போகப் போகச் சுமார் 2 மீட்டர் உயர்கிறது. அறையின் தரையும் சாளரமும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வருவதால்தான் கதிர் உள்ளே எட்டுகிறது. அளந்து, திட்டமிட்டுச் செய்த கட்டுமானம்.

முகப்பில் பளிச்சிடும் வெள்ளைப் படிகக்கல் சுவர் மட்டும் வேறு கதை. படிகக்கற்கள் பழையவை, விக்லோ மலைப்பக்கத்திலிருந்து வந்தவை. தரையில் சரிந்து கிடந்த அவற்றை, சுவராக நின்று இடிந்தவை என்று ஓ'கெல்லி முடிவுகட்டினார்; கான்கிரீட் முதுகு கொடுத்து நிமிர்த்திவிட்டார்கள். தரையில் பரப்பி வைத்தவையாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் மறுக்கிறார்கள். பக்கத்து நௌத் கல்லறையில் அவை தரையிலேயே விடப்பட்டிருக்கின்றன. அதுவே நிதானமான முடிவு.

ஆக, பயணி முதலில் பார்ப்பது 20-ஆம் நூற்றாண்டின் ஊகத்தை. அதை முகப்பிலேயே பெரிய எழுத்தில் சொல்லிவிட வேண்டும். கூடவே, வாய்க்கால் கொத்திய கூரைக்கல் ஒன்றின் மாதிரியை வாசலருகே வைத்து, வரும் பிள்ளைகள் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வழி செய்ய வேண்டும்.