ஓ.டி. பார்க்கிறவனுக்கு ஓ.டி.டி. தானா?

ஒரு பெரிய படத்துக்கு ரிலீஸ் தேதி அறிவிச்சா எல்லா ஊர்லயும் முதல்ல என்ன நடக்கும்? போஸ்டர் ஷேர் ஆகும், கவுண்ட்டவுன் ஆரம்பிக்கும், எதிர் கோஷ்டி ரசிகனோட சண்டை பத்திக்கும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரோட்டுல மட்டும் வேற ஒண்ணு நடக்கும். "அன்னைக்கு எனக்கு எந்த ஷிப்ட்?"னு பசங்க விரல் விட்டு எண்ணுவாங்க :-)

இந்த ரோட்டோட கதை தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி முன்னுரை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ ஓட ஆரம்பிச்சதுல இருந்து வயக்காடெல்லாம் மெல்ல மெல்ல கம்பெனியா மாறிடுச்சு. 2006ல் நோக்கியா வந்தது, 2014ல் மூடினாங்க. ஒரகடத்துல கார், லாரி, புல்லட், டயர்னு சக்கரத்தோட சம்பந்தப்பட்ட எல்லாமே உருவாகுது. வல்லம் வடகால் சிப்காட்டுல 2024 ஆகஸ்ட்ல திறந்த பெண் தொழிலாளர் விடுதியில மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கு. ஒரே விடுதியில ஒரு சின்ன டவுனே குடியிருக்கிற மாதிரி. ஆக, தமிழ் சினிமாவுக்கு இதைவிட அடர்த்தியா ஆடியன்ஸ் கிடைக்கிற இடம் ரொம்பக் குறைவு. இருபதுல இருந்து முப்பது வயசு, கையில செல்போன், மாசாமாசம் சம்பளம். ஆனா சினிமாக்காரங்க போடுற எந்தக் கணக்குலயும் இவங்க இருக்கிற மாதிரி தெரியலை.

முதல் கணக்கு, முதல் நாள் முதல் ஷோ.

2023 ஜனவரி 11ஆம் தேதி துணிவும் வாரிசும் ஒரே நாள்ல வந்தது ஞாபகம் இருக்கும். துணிவு ராத்திரி ஒரு மணிக்கு, வாரிசு விடியற்காலை நாலு மணிக்கு. அன்னைக்கு கோயம்பேடு பக்கம் லாரி மேல ஏறி ஆடின ஒரு இளைஞர் விழுந்து இறந்து போனார். அதுக்கப்புறம் அந்த நேரத்து ஷோவுக்கு அரசு அனுமதி கொடுக்கறதை நிறுத்திடுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல லியோவுக்கு நாலு மணி ஷோ கேட்டு கோர்ட் வரைக்கும் போனாங்க, கிடைக்கலை. காலை 9 மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி 1.30க்குள்ள அஞ்சு ஷோ முடிக்கணும்னு உத்தரவு வந்தது. 2025ல் கூலி வந்தப்பவும் கேரளா, கர்நாடகாவுல ஆறு மணிக்கே படம் ஓட ஆரம்பிச்சாச்சு, இங்கே 9 மணிதான்.

இது தப்பான முடிவான்னா, இல்லை. ஒரு உயிரை விட ஒரு ஷோ பெருசில்லை. இந்த முடிவால யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்னு பார்த்தா ஒரு வேடிக்கை இருக்கு. காலேஜ் பசங்க கட் அடிச்சுட்டு 9 மணி ஷோவுக்குப் போவாங்க. ஐ.டி. ஆட்கள் வொர்க் ஃப்ரம் ஹோம்னு மெசேஜ் தட்டுவாங்க. கம்பெனி ஆட்களுக்கு? ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலை ஆறுல இருந்து ரெண்டு, செகண்ட் ஷிப்ட் ரெண்டுல இருந்து பத்து, நைட் ஷிப்ட் பத்துல இருந்து ஆறுன்னு வெச்சுக்குங்க. ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர் 9 மணிக்கு லைன்ல நிக்கிறார். செகண்ட் ஷிப்ட்காரர் 9 மணி ஷோ பார்த்துட்டு 12 மணிக்கு வெளிய வந்து ரூமுக்கு ஓடி, யூனிஃபார்ம் மாட்டி, ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். பஸ்ஸை விட்டா அன்னைக்கு சம்பளம் போச்சு. மிச்சம் நைட் ஷிப்ட்காரர்தான். எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, இன்டர்வெல் வரைக்கும் கண்ணைத் தேய்ச்சிக்கிட்டுப் பார்ப்பார், செகண்ட் ஹாஃப்ல தூங்கிடுவார். சில படத்துக்கு அதுவே நல்லதுன்னு வைங்க ;-)

"முதல் நாளே பார்க்கணும்னு என்ன கட்டாயம்? ரெண்டு வாரம் கழிச்சு பார்த்தா படம் கெட்டா போகும்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கு. முதல் விஷயம், கெஸ்ட் ரோல்ல யார் வர்றாங்க, கிளைமாக்ஸ்ல யார் சாகறாங்கன்னு 11 மணிக்குள்ள வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வந்துடும். ரெண்டாவது, படம் நிஜமாவே மாறிடுது! 2024ல் இந்தியன் 2 ரிலீஸ் ஆன பிறகு 12 நிமிஷம் வெட்டினாங்க. மெய்யழகன்ல 18 நிமிஷம் போச்சு. முதல் நாள் பார்த்தவனும் ரெண்டாவது வாரம் பார்த்தவனும் பார்த்தது ஒரே படமே இல்லை. கொடுத்த காசு மட்டும் ஒண்ணு.

அடுத்த கணக்குதான் முக்கியமானது. 28 நாள் கணக்கு.

ஜெயிலர் தியேட்டருக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 10, ஓ.டி.டி.க்கு வந்தது செப்டம்பர் 7. தி கோட் 2024 செப்டம்பர் 5ல் வந்து அக்டோபர் 3ல் ஓ.டி.டி. கூலி 2025 ஆகஸ்ட் 14ல் வந்து செப்டம்பர் 11ல் ஓ.டி.டி. எண்ணிப் பாருங்க, மூணுமே சரியா 28 நாள். 28 நாள்னா நாலு வாரம், நாலு வாரம்னா நாலு வீக் ஆஃப். அவ்வளவுதான்.

கூலியையே எடுத்துக்குவோம். ஆகஸ்ட் 17, 24, 31, செப்டம்பர் 7. நாலு ஞாயிறு. நடுவுல ஆகஸ்ட் 15 ஒரு போனஸ். இந்த நாலுல ஒரு ஞாயிறு கம்பெனியில டார்கெட் முடியலைன்னு ஓ.டி. கூப்பிடுவாங்க. டபுள் சம்பளத்தை யார் விடுவா? ஒரு ஞாயிறு ஊருக்குப் போயாகணும். ஆவணி மாசம் வேற, யாராவது மாமா பையனுக்குக் கல்யாணம் இருக்கும். ஒரு ஞாயிறு துணி துவைச்சுட்டு செத்த பொணம் மாதிரி தூங்கத்தான் சரியா இருக்கும். மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணுல குடும்பத்தோட போலாம்னா, கூலிக்கு 'ஏ' சர்டிபிகேட். குழந்தையை உள்ளே விட மாட்டாங்க. போச்சா?

பி.காம். முதல் வருஷத்துலயே ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்னு ஒண்ணு சொல்லிக் கொடுப்பாங்க. ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் அதோட உண்மையான விலை. ஒரு கம்பெனி தொழிலாளிக்கு சினிமா டிக்கெட்டோட விலை 190 ரூபாய் இல்லை. ஒரு வார தூக்கம், இல்லைன்னா ஒரு நாள் ஓ.டி. காசு, இல்லைன்னா அம்மாவைப் பார்க்கிற ஒரு நாள். இவ்வளவு விலை கொடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் எல்லாரையும் விட நல்ல படம் போய்ச் சேரணும். நடக்கிறது தலைகீழ். ஓ.டி. பார்த்தவர், கடைசியில ஓ.டி.டி.யில பார்க்கிறார். அதுவும் ஆறு பேர் இருக்கிற ரூம்ல, ஒரே செல்போன்ல, ஒருத்தர் தூங்கணும்னு சத்தத்தைக் குறைச்சு வெச்சு.

இதுல இன்னொரு கூத்து. லியோவோட இந்தி டப்பிங்கை வட இந்தியாவுல பெரிய மல்டிப்ளெக்ஸ் செயின்கள் திரையிடலை. காரணம் என்னன்னா, இந்திப் படம்னா எட்டு வாரம் கழிச்சுத்தான் ஓ.டி.டி.க்குக் கொடுக்கணும்னு அவங்க கறாரா இருந்ததுதான். இப்ப ஒரகடத்துல ஒரே ரூம்ல இருக்கிற ரெண்டு பேரை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் விழுப்புரம், இன்னொருத்தர் பீகார். அவரோட இந்திப் படம் எட்டு வாரம் அவருக்காகக் காத்திருக்கும். விழுப்புரத்துக்காரரோட தமிழ்ப் படம் நாலு வாரத்துல டாட்டா காட்டிடும். தமிழ்நாட்டு தியேட்டர்காரங்களும் எட்டு வாரம் கேட்டிருக்காங்க. தியேட்டர் பிழைக்கணும்னு அவங்க கேட்டாங்க. தொழிலாளிக்கு இன்னும் நாலு வீக் ஆஃப் கிடைக்கும்ங்கிற காரணத்தை யாரும் சொன்ன மாதிரி தெரியலை.

காசு விஷயத்தையும் பார்த்துடலாம். 2025 செப்டம்பர் 22ல் இருந்து 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. நல்ல விஷயம். ஆனா 100ஐ ஒரு ரூபாய் தாண்டினாலும் 18 சதவீதம். மல்டிப்ளெக்ஸ் பக்கம் போனா இந்தச் சலுகை கண்ணுல படாது. நாலு பேர் குடும்பத்துக்கு 760 ரூபாய், மேல ஆன்லைன் புக்கிங் கட்டணம், பாப்கார்ன், செம்பரம்பாக்கத்துக்கோ தாம்பரத்துக்கோ போக வர ஆட்டோ, பஸ். சாயங்காலத்துக்குள்ள ஆயிரத்து ஐநூறு காலி.

இப்ப பாட்டுக்கு வருவோம். இந்த ரோட்டுல சினிமாவை விட பாட்டுதான் நேர்மையானது. பாட்டு ஷிப்ட் பார்த்து வரும். கம்பெனி பஸ் டிரைவர்கள் யாருக்கும் தெரியாத இசை விமர்சகர்கள். விடியற்காலை பஸ்ல அனிருத் குத்து, தூங்கறவன் எழுந்தாகணும். காலை ஆறரைக்குத் திரும்புற நைட் ஷிப்ட் பஸ்ல இளையராஜா, எழுந்திருக்கிறவன் தூங்கியாகணும். எந்தப் பாட்டு தாலாட்டு, எந்தப் பாட்டு அலாரம்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எந்த ஆப்புக்கும் தெரியாது. ரெண்டு பேர்ல யார் பெரியவர்னு மத்தவங்க சண்டை போட்டுக்கட்டும். இந்த பஸ்ல ரெண்டு பேருக்கும் தனித்தனி ஷிப்ட், வேலை முடிஞ்சது.

இது புதுசும் இல்லை. ரெண்டாம் உலகப் போர் நடந்தப்ப, 1940 ஜூன்ல பி.பி.சி. ரேடியோ, வேலை செய்றவங்களுக்காகவே 'மியூசிக் வைல் யூ வொர்க்'னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சது. ஆலைகள்ல ஸ்பீக்கர் வெச்சு ஒலிபரப்பினாங்க. தூக்கம் வர்ற மாதிரி மெதுவான பாட்டு கூடாது. கைதட்ட வைக்கிற பாட்டும் கூடாது, தொழிலாளிங்க வேலையை விட்டுட்டு தாளம் போட ஆரம்பிச்சுடுவாங்களாம்! 1967 வரைக்கும் ஓடின நிகழ்ச்சி அது. உற்பத்தி கூடணும்ங்கிற சுயநலம்தான். இருந்தாலும் ஷிப்ட்ல நிக்கிறவருக்கு ஒரு காது இருக்குன்னு ஒரு ரேடியோ ஒத்துக்கிட்டது பெரிய விஷயம். இங்கே பல கம்பெனியில செல்போனை கேட்லயே வெச்சுட்டுப் போகணும். உலகமே பாட்டு கேட்கிற போனை இந்த ரோட்டுலதான் பூட்டுறாங்க. பூட்டுற கைக்கு எட்டு மணி நேரம் பாட்டு கிடையாது. ரகசியம், பாதுகாப்புன்னு காரணம் இருக்கும், இருக்கட்டும். டீ பிரேக்ல கேன்டீன் ஸ்பீக்கர்ல ரெண்டு பாட்டு போட்டா எந்த ரகசியமும் வெளிய போயிடாது.

அப்ப வரப்போற படங்களைப் பத்தி இந்த ரோட்டோட கருத்து என்ன? டீசர், டிரெய்லர், ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள் எல்லாம் வரட்டும், பஸ்ல ஓடட்டும். ஆனா ஒரு படம் நல்ல படமாங்கிறதுக்கு இங்கே அளவுகோல் முதல் நாள் வசூல் இல்லை. மூணாவது வாரம் தியேட்டர்ல இருக்கா, அதுதான். 2024ல் மகாராஜா, லப்பர் பந்து, 2025ல் டூரிஸ்ட் ஃபேமிலி எல்லாம் பெருசா ஆர்ப்பாட்டம் இல்லாம வந்து, பார்த்தவங்க சொல்லிச் சொல்லி நின்னு ஓடின படங்கள். லேட்டா வீக் ஆஃப் கிடைச்சவருக்கும் சீட் வெச்சிருந்த படங்கள். மூணு நாள் கூட்டத்தை மட்டும் நம்பி எடுக்கிற படம், ஷிப்ட் ஆளுக்கு ஒத்து வராது.

கேட்கிறது மூணே விஷயம். ஒண்ணு, தமிழ்ப் படத்துக்கும் எட்டு வாரம். ரெண்டு, இந்த ரோட்டுப் பக்கம் இருக்கிற தியேட்டர்கள் ஷோ டைமை ஷிப்ட் பார்த்து வைக்கட்டும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவருக்கு மூன்றரை மணிக்கு ஒண்ணு, அதுவும் வார நாள்ல 100 ரூபாய்க்குள்ள. மத்தியானம் காலி சீட்டுக்கு ஏ.சி. போடுறதுக்கு பதிலா 100 ரூபாய் வந்தா லாபம்தானே? மூணு, விடுதிப் பெண்களுக்கு வீக் ஆஃப் அன்னைக்கு பகல் ஷோவுக்குப் போய் வர கம்பெனி பஸ். வேலைக்கு ஏத்திட்டுப் போக ஆயிரம் பஸ் ஓடுற ரோடு இது. சினிமாவுக்கு ஒரு பஸ் ஓடினா டயர் தேஞ்சு போயிடாது. அந்த டயரும் ஒரகடத்துல செஞ்சதாத்தான் இருக்கும்.

பின்குறிப்பு: அடுத்த தடவை "இன்னுமா அந்தப் படம் பார்க்கலை?"னு யாரையாவது கிண்டல் பண்றதுக்கு முன்னாடி, இந்த வாரம் என்ன ஷிப்ட்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கிளைமாக்ஸை மட்டும் சொல்லிடாதீங்க, புண்ணியமா போகும் :-)