காமிக் சான்ஸ் மீது கோபம் வேண்டாம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் நாம் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. வேர்டைத் திறந்து நம் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்வோம். பிறகு பாண்ட் பட்டியலை இறக்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். பலருக்குக் கண் காமிக் சான்ஸில் வந்து நின்றுவிடும். ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது போன்ற உருண்டை எழுத்து! அப்புறம் கடிதம், ரசீது, விண்ணப்பம் எல்லாமே அதில்தான்.

என் அண்ணன் மகன் தன் முதல் பயோடேட்டாவை முழுக்க முழுக்க இதில் அடித்து எடுத்து வந்தான். "நல்லா இருக்குல்ல சித்தப்பா?" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கஷ்டப்பட்டு வாங்கிய மார்க்கெல்லாம் விளையாட்டாகச் சொன்னது போல் ஆகிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஏரியலுக்கு மாற்ற வைத்தேன்.

இதற்காக அந்த எழுத்தைத் திட்டலாமா? கூடாது என்பதே என் கட்சி. மைக்ரோசாப்டின் 'பாப்' என்ற புரோகிராமில் ஒரு கார்ட்டூன் நாய் வரும். அது பேசுவது டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் இருந்ததைப் பார்த்த வின்சென்ட் கொனேர், நாய்க்கு இது பொருந்தவில்லை என்று, காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து 1994-ல் உருவாக்கியதுதான் காமிக் சான்ஸ். வேடிக்கை என்னவென்றால், 'பாப்' வெளியானபோது இது அதில் இடம் பெறவில்லை. பிறகு விண்டோஸ் வழியாக எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஆக, இது நான்கைந்து வார்த்தை பேசப் பிறந்த எழுத்து. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் போசான் துகள் பற்றிய அறிவிப்பின் ஸ்லைடுகளில் இது வந்தபோது, உலகமே துகளை விட்டுவிட்டு எழுத்தைப் பற்றிப் பேசியது! அதே எழுத்தை, எளிதாகப் படிக்கலாம் என்று, வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்காக பிரிட்டனின் டிஸ்லெக்சியா சங்கம் சிபாரிசு செய்கிறது. எழுத்து ஒன்றுதான், இடம்தான் வேறு.

எனவே பிறந்தநாள் அழைப்பு, குழந்தையின் நோட்டு லேபிள், படத்துக்குப் பக்கத்தில் பேச்சு பலூன் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேலை விண்ணப்பம், புகார் மனு, இரங்கல் செய்தி, பக்கம் பக்கமான கட்டுரை ஆகியவற்றுக்கு வேண்டாம். சந்தேகம் வந்தால், எழுதியதைக் கார்ட்டூன் குரலில் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். சிரிப்பு வரக்கூடாத இடத்தில் வந்தால் பாண்ட்டை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழ் அழைப்பிதழுக்கு இதே குறும்பு வேண்டுமானால், கூகுள் பாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'பலூ தம்பி', 'கவிவனார்' ஆகியவற்றை இறக்கிக்கொள்ளலாம். அனுப்பும்போது பிடிஎப் பைலாக மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால், அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் குறும்பு காணாமல் போய்விடும்.