லயத்து இஸ்தோப்பில் படியும் பாசி

'தோட்டத்து மக்களுக்குச் சுத்தம் போதாது' என்னும் பழிச்சொல்லை எனது பத்திரிகை வாழ்வு நெடுகிலும் கேட்டு வந்திருக்கிறேன். அட்டனிலோ நுவரெலியாவிலோ இரண்டு நாள் தங்கிச் செல்பவர்கள், லயத்து வாசலில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருக்கும் பாசியைச் சுட்டிக்காட்டியே பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். அந்தப் பாசியைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். லயக் காம்பராவின் முன்புறத் திண்ணையை மலையகத்தில் அப்படித்தான் அழைக்கிறோம். பிள்ளைகள் படிப்பதும், முதியவர்கள் வெயில் காய்வதும், ஈர விறகு அடுக்கப்படுவதும் அங்கேதான். அதற்குக் கீழே ஒரு சாண் சீமெந்து வாசல், அதற்கப்பால் கான். பீலி இல்லாத தகரக் கூரையிலிருந்து மழைநீர் நேராக இந்த வாசலில் விழுகிறது. வட்டவளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வெயிலைக் காண்பதே அரிது. பாசிக்கு மண் தேவையில்லை. ஈரமும் சிறிது வெளிச்சமும் போதும். புதிய சீமெந்தின் காரத்தன்மை அதைச் சில காலம் அண்டவிடாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் காரம் குறைந்துவிடும். கூரைநீர் விழுந்து விழுந்து குழியான இடங்களில் தண்ணீர் தேங்கும். பாசியும் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

போக்குவதற்கு வழி இல்லாமலில்லை. மழை விட்ட நாளில், காய்ந்த பாசியைத் தட்டையான பலகையாலும் முரட்டுத் தும்புக்கட்டையாலும் சுரண்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். கானுக்குள் தள்ளினால் கான் அடைபட்டு, தண்ணீர் மீண்டும் வாசலுக்கே ஏறும். பிறகு நீர்த்த வெளிற்றும் தூள் கரைசலைத் தெளித்து, சற்றுப் பொறுத்துத் தேய்த்துக் கழுவலாம். கழுவிய நீர் குடிநீர்ப் பீலிக்கோ மரக்கறிப் பாத்திக்கோ போகக் கூடாது. மலசலகூடம் கழுவும் அமிலத்தை இதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது.

தேயிலையின் கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்த பின்னர் செப்பு மருந்துகள் தோட்டங்களில் பழக்கமாயின. செப்பு பாசியையும் கொல்லும் என்பதால் மிஞ்சிய மருந்தை வாசலில் ஊற்றலாமே என்று எவருக்கேனும் தோன்றலாம். வேண்டாம். அது ஓடையில் சேர்ந்தால் மீனைக் கொல்லும், மண்ணில் தங்கிவிடும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நண்பர்கள் தங்கள் தோட்டத்து முற்றங்களை அழுத்தநீர் இயந்திரத்தால் கழுவுவதைக் கண்டிருக்கிறேன். பழைய சீமெந்தில் அதை நெருக்கிப் பிடித்தால் மேற்பூச்சே பெயர்ந்துவிடும். சொரசொரப்பான தளத்தில் பாசி முன்னிலும் விரைவாகப் பிடிக்கும்.

இத்தனையும் செய்தாலும் அடுத்த மழைக்காலத்தில் பாசி திரும்பி வரும். நீரை நிறுத்தாமல் பாசியை நிறுத்த முடியாது. அதற்குக் கூரைக்குப் பீலி வேண்டும். வாசலுக்குச் சரிவு வேண்டும். கானுக்கு ஓட்டம் வேண்டும். இவற்றைச் செய்ய வேண்டியவர் யார்? தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992 இல் அதன் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவருக்குத் தன் காம்பராவுக்கு ஓர் உறுதிப்பத்திரம் இல்லை. பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு கூரையில் ஒருவர் மட்டும் எப்படிப் பீலி பூட்டுவார்?

அதே தோட்டத்தில் துரை பங்களாவின் கற்படிகளில் பாசி நிற்காது. அங்கே தேய்க்கும் தொழிலாளிக்கு நாட்பேர் விழுகிறது. மாலையில் அவர் வழுக்கிக்கொண்டே ஏறும் தன் வாசலைத் தேய்த்தால் எந்தப் பேரும் இல்லை. அந்த மனிதருக்குச் சுத்தம் தெரியாது என்பவர்கள் இரண்டு வாசல்களையும் ஒருமுறை சென்று பார்க்கட்டும்.

முன்னர் தோட்டங்களில் 'வாசக்கூட்டி' என்றொருவர் இருந்தார். லயத்து வாசலையும் கானையும் துப்புரவாக்குவது அவரது வேலை. அதற்குச் செக்ரோலில் பேரும் உண்டு. அந்த வேலையைக் குறிப்பிட்ட சாதியினர் தலையிலேயே கட்டிவிட்ட கொடுமையும் உடன் இருந்தது. ஆகவே பழையபடி வாசக்கூட்டியைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மே மாத மழைக்கு முன் ஒரு முறையும், ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு முறையும், லயத்துக்கு லயம் சுழற்சி முறையில் சாதி பாராமல் ஆட்களைத் தெரிந்து, முழு நாட்பேருடன் கான் வெட்டவும் வாசல் தேய்க்கவும் விட வேண்டும் என்கிறேன். பீலிக்கான செலவு கம்பனியினுடையது. மக்களே செய்துகொள்ளலாமே என்று நிருவாகங்கள் சொல்லக்கூடும். உறுதிப்பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

புதிதாக எழும் தனி வீடுகளுக்கும் இது பொருந்தும். பீலியும் கானும் முடியாமல் திறப்புவிழா நடத்தும் வீட்டில் பாசி தன் குடிபுகுதலை ஓரிரு ஆண்டுகளில் நடத்திவிடும். கொழுந்துக் கூடையுடன் மலையேறி இறங்கித் தேய்ந்த முழங்கால்களுடன் ஓய்வுபெற்ற ஒரு கிழவி, அதிகாலையில் அந்த வாசலில் கால் வைக்கிறாள். வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பெருந்தெருவரைக்கும் அவளைத் தூக்கிச் செல்லத்தான் ஆள் தேட வேண்டும்.