துவக்கு யாரைக் காத்தது?

"கையில துவக்கோட ஒரு நல்ல மனுசன் பக்கத்தில நிண்டிருந்தா அந்தச் சாவு நடந்திருக்காது." ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் யாரோ ஒருவர் இப்படிச் சொல்லத்தான் செய்கிறார். அமெரிக்காவில் இதுவொரு பெரிய விவாதம். 2020இல் கெனோஷா நகரில் முன்பின் தெரியாதவர்களின் கடைகளைக் காக்கிறேன் என்று துவக்கோடு போன 17 வயதுப் பொடியன் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். தற்காப்பு என்று அடுத்த வருசம் விடுதலையும் ஆனான். இலங்கைத்துறையிலிருந்து கிளிவெட்டி வரைக்கும் உள்ள எங்கட ஊர்களுக்கு இது விவாதமில்லை. இங்கே செய்து பார்த்தாயிற்று.

1980களின் நடுப்பகுதியில் அரசு எல்லைக் கிராமத்துச் சனத்திடம் துவக்கைக் கொடுத்து 'ஊர்காவல் படை' என்று பெயர் வைத்தது. முதலில் சிங்கள ஊர்கள், பிறகு முஸ்லிம் ஊர்களும். அந்தச் சனத்தின் பயம் பொய்யில்லை. அதை மறைத்து எழுத எங்களுக்கு ஏலாது. 1987 ஏப்ரல் 17இல் ஹபரணை - திருகோணமலை வீதியில் புலிகள் பஸ்களை மறித்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளைக் கொன்றார்கள். அந்த வீதியோரம் வயல் செய்கிறவன் துவக்குக் கேட்டதில் என்ன அதிசயம்? சிறு சம்பளத்துக்கு விடிய விடியக் காவல் நின்ற ஏழைகள் அவர்கள். பலர் செத்தும் போனார்கள்.

ஆனால் அந்தத் துவக்கு தன் ஊரைக் காக்க வந்தது. பக்கத்து ஊர்க்காரனை அது எப்படிப் பார்த்தது?

1996 பெப்ரவரி 11, கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம். இராணுவத்தினரோடு ஊர்காவல் படையினரும் வந்தார்கள் என்று உயிர் தப்பிய சனம் சொன்னது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 24 பேர் கொல்லப்பட்டார்கள். 20 வருசம் கழித்து, 2016 ஜூலையில், அநுராதபுரம் மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் விடுதலை செய்தது.

பொலன்னறுவையிலும் இதே கதைதான். 1992 ஏப்ரல் 29இல் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம் சனத்தைக் கொன்றார்கள். அதே நாள் முஸ்லிம் ஊர்காவல் படையினர் கரப்பளை, முத்துக்கல் என்ற தமிழ் ஊர்களுக்குள் புகுந்து கொன்றார்கள். அந்த ஊர்ச் சனம் அவர்களுக்கு என்ன செய்தது?

எங்கட பக்கமும் வெள்ளையில்லை. சனத்தைக் காக்கத் துவக்கெடுத்த இயக்கங்கள்தான் 1986இல் ஒன்றையொன்று வேட்டையாடின. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விரட்டினதும் அப்படிப்பட்ட ஒரு துவக்குத்தான்.

"அப்ப, ஒருத்தனை வெட்டுறதப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீங்களோ?" இல்லை. இன்னொருவரின் உயிரைக் காக்கும் உரிமையை எங்கட தண்டனைச் சட்டமே எல்லாருக்கும் தருகிறது. குறுக்கே பாய்கிறவரை நாங்கள் குறை சொல்லவில்லை. 1983 யூலையில் சிங்கள அயலவர் பலர் தமிழரை வீட்டுக்குள் ஒளித்துவைத்து, வாசலில் நின்ற கும்பலுக்கு "இங்க யாருமில்ல" என்று சொன்னார்கள். பிடிபட்டால் அவர்களுக்கும் அடிதான். நாங்கள் எதிர்ப்பது, ஆபத்து வருமுன்பே ஒருவன் கையில் துவக்கைக் கொடுத்து, எவன் ஆபத்தானவன் என்று நீயே பார்த்து முடிவு செய் என்று அனுப்புவதை. கையில் துவக்கு வந்தபிறகு, முகம் தெரியாதவன் காக்கப்பட வேண்டியவனாக இருப்பதில்லை, சந்தேகப்பட வேண்டியவனாகிவிடுகிறான்.

2006 ஏப்ரல் 12இல் திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்தது. கொஞ்ச நேரத்தில் கும்பல்கள் தமிழ்க் கடைகளை எரித்தன, ஆக்களைக் கொன்றன. அன்று நகரத்தில் துவக்குக்குக் குறைவில்லை. சம்பளமும் சீருடையும் வாங்கின பொலிஸும் படையினரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்ற கேள்விக்குத்தான் எங்களுக்குப் பதில் வேணும். இன்னும் நூறு துவக்கு வேண்டாம்.