தோண்டாமல் துளைக்கிறோம், சரி, வரைபடம் எங்கே?

மாணவர்களே, சாலையோரம் ஓர் இயந்திரம் சாய்வாக நின்று நீண்ட எஃகுத் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குள் செலுத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? சாலையில் பள்ளம் இருக்காது. வாகனங்கள் வழக்கம்போல் ஓடும். அடியில் மட்டும் ஒரு புதிய குழாய்க்கு வழி உருவாகிக்கொண்டிருக்கும்.

இதன் சூட்சுமம் துளைமுனையில் இருக்கிறது. அது ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டது. சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேராகப் போகும். சுழற்றாமல் தள்ளினால் வளையும்: சாய்வு கீழ்நோக்கியிருந்தால் மண் முனையை மேலே தள்ளும், மேல்நோக்கியிருந்தால் கீழே. அவ்வளவுதான் ‘ஸ்டீயரிங்’! முனைக்குள் இருக்கும் சிறிய அலைபரப்பியின் சமிக்ஞையைப் பிடித்தபடி ஒருவர் மேலே நடந்து, அது எங்கே, எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்று பார்ப்பார். பெண்டோனைட் என்ற களிமண் கலந்த குழம்பு, துளை இடிந்துவிடாமல் தாங்கும். முனை மறுபக்கம் வெளிவந்ததும், துளையை அகலமாக்கும் கருவியை மாட்டித் திரும்ப இழுப்பார்கள். கடைசியில் குழாயும் அதன் பின்னால் வந்து அமர்ந்துவிடும்.

இந்த நுட்பத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால், துளைப்பவருக்குத் தன் முனை இருக்கும் இடம்தான் தெரியும். வழியில் வேறு என்ன இருக்கிறது என்பது தெரியாது.

தெரியாததால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கெனோஷா நகரில், தோண்டாமல் பதித்த பிளாஸ்டிக் எரிவாயுக் குழாய் ஒன்று, கழிவுநீர்க் குழாயை ஊடுருவிச் சென்றிருந்தது. எவரும் கவனிக்கவில்லை. 1976இல் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு ஏற்பட்டது. அதை நீக்கப் பயன்படுத்திய கருவி எரிவாயுக் குழாயை அறுத்துவிட்டது. வெடிவிபத்தில் இருவர் மாண்டனர்.

ரேடார் வைத்து முன்பே பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், மண் ஒத்துழைத்தால். சிங்கப்பூரின் தாழ்வான கடலோரப் பகுதிகளில் கிடக்கும் ஈரமான கடற்களிமண், ரேடார் அலைகளை விழுங்கிவிடும். உலோகத்தைத் தேடும் கருவிக்கோ பிளாஸ்டிக் குழாய் புலப்படாது. பதிக்கும்போதே கூடவே ஒரு செம்புக் கம்பியை விட்டிருந்தால்தான் உண்டு.

ஆகவே, பின்னால் தேடுவதைவிடப் பதிக்கும் நாளிலேயே குறித்துவைப்பது மேல். 2017இல் சிங்கப்பூர் நில ஆணையமும் சிங்கப்பூர்–ஈடிஎச் நிலையமும் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரமும் சேர்ந்து, நிலத்தடியின் நம்பகமான முப்பரிமாண வரைபடத்துக்காக ‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ ஆய்வைத் தொடங்கின. பிரம்மாண்டமான துளை இயந்திரங்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பள்ளம் வெட்டிப் பதித்தால், மூடுவதற்கு முன் குழாயை நேரில் அளந்துவிடலாம். தோண்டாத முறையில் அதற்கு வழியில்லை. துளைமுனை போன பாதையின் குறிப்பு இருக்கும்தான். ஆனால் அகலமாக்கிய துளைக்குள் குழாய் சற்று விலகியும் அமரலாம். அதனால் ஜைரோஸ்கோப் பொருத்திய ஒரு கருவியைக் குழாயின் உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்து, அது திரும்பும் கோணங்களைப் பதிவுசெய்து பாதையை வரைவார்கள். கைத்தொலைபேசியைச் சாய்த்துச் சாய்த்துக் கார் பந்தயம் விளையாடுகிறீர்களே, அந்தச் சாய்வை உணர்வதிலும் இதே குடும்பத்துக் கருவிக்குப் பங்குண்டு.

செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனாலும் குழாய் பதித்தவர் இந்த அளவை ஒப்படைக்கும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.